வானிலை மாறிக்கொண்டே இருக்கும் மலையில் உயர்ந்த சிகரம் ஏறி இறங்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

2009 ஜூலை 16. ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் டொமுராவுஷி மலை. உயரம் 2141 மீட்டர்தான், மாதமோ நடுக்கோடை. வழிகாட்டிகளுடன் போன ஒரு சுற்றுலாக் குழுவில் அன்று 8 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் வழிகாட்டி. பனிச்சரிவில் யாரும் புதையவில்லை, பாறையிலிருந்து யாரும் விழவில்லை. மழையில் நனைந்த உடம்பில் பலத்த காற்று விடாமல் அடிக்க, குளிர் தாங்காமல் ஒவ்வொருவராகச் சரிந்தார்கள்.

மலையில் குளிர் உயிரை எடுப்பது பெரும்பாலும் ஈரம், காற்று, தாமதம் ஆகிய மூன்றும் ஒன்றுசேரும்போதுதான். நனைந்தாலும் காற்றில்லாவிட்டால் சமாளிக்கலாம். உலர்ந்த உடையோடு இருந்தால் காற்றையும் தாங்கலாம். இரண்டும் இருந்தால்கூட ஒரு மணி நேரத்தில் இறங்கிவிட முடிந்தால் பிழைத்துக்கொள்ளலாம். கீழே வரும் படிகளில் பல இந்த மூன்றில் ஏதோ ஒன்றை மற்ற இரண்டிலிருந்து பிரித்து வைப்பதற்காகத்தான்.

கயிறும் தொழில்நுட்ப ஏற்றமும் தேவைப்படாத, கால்நடையாக ஏறக்கூடிய 2500 முதல் 5500 மீட்டர் வரையிலான சிகரங்களுக்கு இது பொருந்தும். பனியாறுகளைக் கடக்கும் பாதைகளுக்குத் தனிப் பயிற்சி வேண்டும். அதைப் படித்துக் கற்க முடியாது.

மேலே போகப் போக என்ன மாறுகிறது

உயரம் 1000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். அடிவாரத்தில் 20 டிகிரி என்றால் அங்கிருந்து 2000 மீட்டர் மேலே 7 டிகிரி. இது காற்றில்லாத கணக்கு. பூஜ்யம் டிகிரியில் மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று வீசினால், திறந்திருக்கும் தோலுக்கு அது மைனஸ் 7 டிகிரி போல உறைக்கும். காற்றின் வேகம் இரட்டித்தால் அது உடம்பைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். அதனால்தான் 40 கிலோமீட்டர் காற்றில் குனிந்து நடப்பவர் 80 கிலோமீட்டர் காற்றில் கீழே விழுகிறார்.

மலை தன் வானிலையைத் தானே உண்டாக்குகிறது. வெயிலில் சூடான சரிவுகளை ஒட்டி ஈரக்காற்று மேலேறும், குளிரும், மேகமாகும். கோடைக் காலத்தில் இது கிட்டத்தட்ட தினசரி நடக்கும்: விடியலில் தெளிவு, பத்து மணிக்குப் பஞ்சுமேகம், பிற்பகலில் இடி. கணவாய்களிலும் முகடுகளிலும் காற்று நெருக்கப்பட்டு வேகமெடுக்கும். பள்ளத்தாக்கில் இலை அசையாத நேரத்தில் முகட்டில் நிற்க முடியாமல் போவது இதனால்தான்.

படி 1: முன்னறிவிப்பைச் சிகரத்துக்காகப் படியுங்கள்

அடிவார ஊரின் முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது பலரும் செய்யும் முதல் தவறு. சிகரத்தின் உயரத்துக்கான முன்னறிவிப்பைத் தேடுங்கள். வானிலையைக் கணிக்கும் கணினி மாதிரிகள் பல கிலோமீட்டர் அகலமுள்ள கட்டங்களாக நிலத்தைப் பார்க்கின்றன. கூரான சிகரம் அந்தக் கட்டத்தின் சராசரி உயரத்தில் கரைந்துபோகும். ஆகவே முன்னறிவிப்பு எந்த உயரத்துக்குச் சொல்லப்பட்டது என்று பார்த்து, மீதி உயரத்துக்கு நீங்களே வெப்பநிலையைக் கழித்துக்கொள்ளுங்கள். காற்று வரைபடங்களில் 850 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) மட்டம் என்பது ஏறக்குறைய 1500 மீட்டர், 700 என்பது 3000 மீட்டர், 500 என்பது 5500 மீட்டர்.

ஐந்து நாள் முன்பிருந்தே பாருங்கள். ஆனால் முதல் மூன்று நாளும் போக்கை மட்டும் கவனியுங்கள்: நிலைமை நாளுக்கு நாள் சீராகிறதா, கெடுகிறதா? முடிவெடுக்க வேண்டியது 48 மணி நேரத்துக்கு முன். ஐரோப்பியக் கணினி மாதிரி, அமெரிக்கக் கணினி மாதிரி இரண்டையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே கதையைச் சொன்னால் ஓரளவு நம்பலாம். ஒன்று வெயில் என்றும் மற்றொன்று மழை என்றும் சொன்னால், வானம் இன்னும் தீர்மானிக்கவில்லை என்று பொருள். அப்போது உங்களுக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுக்காமல், மோசமானதை வைத்துத் திட்டமிடுங்கள்.

பார்க்க வேண்டியவை: சிகர உயரத்தில் சராசரிக் காற்றும் வீச்சுக் காற்றும் (இடையிடையே திடீரென்று வேகமாக அடிப்பது), உறைநிலை உயரம் (வெப்பநிலை பூஜ்யம் டிகிரி ஆகும் உயரம்), மழை தொடங்கும் நேரம், இடிக்கான வாய்ப்பு, மேகத்தின் அடிமட்டம். திறந்த முகட்டுப் பாதைக்கு எங்கள் வரம்பு இது: சராசரிக் காற்று மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல், அல்லது வீச்சு 70க்கு மேல் என்றால் போக வேண்டாம். நண்பகலுக்கு முன்பே இடி என்றாலும் வேண்டாம். மழை விட்டதும் உறைநிலை சரசரவென்று கீழிறங்கும் நாளும் ஆபத்தானது. நனைந்த பாறை முழுவதும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பனிக்கட்டி படிந்துவிடும்.

படி 2: நேரக் கணக்கைத் தாளில் எழுதுங்கள்

ஸ்காட்லாந்தின் மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்ன விதி இன்றும் நல்ல தொடக்கம்: 5 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு மணி நேரம், அத்துடன் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். 8 கிலோமீட்டர் தூரம், 1200 மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். தூரத்துக்கு 1 மணி 36 நிமிடம், ஏற்றத்துக்கு 2 மணி. மொத்தம் 3 மணி 36 நிமிடம்.

இது நல்ல பாதையில், தாழ்வான உயரத்தில், திடமான உடலுக்கு. 3000 மீட்டருக்கு மேல் சுமையுடன் என்றால் பாதியைக் கூட்டுங்கள்: சுமார் 5 மணி 25 நிமிடம். மணிக்குப் பத்து நிமிட ஓய்வும் சேர்ந்தால் 6 மணி 20 நிமிடம். அதிகாலை 4 மணிக்குக் கிளம்பினால் 10:20க்கு உச்சி. இறங்க நான்கு மணி நேரம் வையுங்கள். அதாவது இடி வரக்கூடிய பிற்பகலில் முகட்டைத் தாண்டி வெகுதூரம் கீழே வந்திருப்பீர்கள். காலை 7 மணிக்குக் கிளம்பும் குழு அதே பிற்பகலில் உச்சியில் நிற்கும். மலையேறிகள் இருட்டில் கிளம்புவது இந்தக் கணக்கினால்தான்.

இப்போது இரண்டு விஷயங்களை எழுதுங்கள். முதலாவது திரும்பும் நேரம். மேலே சொன்ன திட்டத்துக்கு அது 11:30. உச்சி கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தாலும் 11:30க்குத் திரும்ப வேண்டும். 1996 மே 10 அன்று எவரெஸ்டில் பலர் பிற்பகல் 2 மணி தாண்டியும் உச்சியை நோக்கி நடந்தார்கள். மாலையில் புயல் வந்தபோது அவர்கள் இன்னும் உயரத்திலேயே இருந்தார்கள். 8 பேர் இறந்தார்கள். நேரத்தை மேலே போய் முடிவு செய்துகொள்ளலாம் என்று விடக் கூடாது. ஆக்சிஜன் குறைந்த இடத்தில், களைப்பில், ஆசையில் எடுக்கும் முடிவு கீழே நிதானமாக எடுத்த முடிவுக்கு ஈடாகாது.

இரண்டாவது, முடிவெடுக்கும் இடங்கள். வரைபடத்தில் மூன்று அல்லது நான்கு புள்ளிகளைக் குறியுங்கள்: கடைசித் தண்ணீர் இருக்கும் இடம், மரங்கள் முடியும் இடம், முகட்டில் ஏறும் இடம், கடைசிச் செங்குத்துக்கு முன். ஒவ்வொன்றுக்கும் எதிரே "இத்தனை மணிக்குள், இன்ன நிலைமையில் இருந்தால் மட்டுமே மேலே" என்று எழுதுங்கள். பாதையிலிருந்து தப்பி இறங்கும் மாற்று வழிகளையும் அங்கேயே குறியுங்கள். இந்தத் தாளின் நகலைக் கீழே இருக்கும் ஒருவரிடம் கொடுத்து, எத்தனை மணிவரை தகவல் வராவிட்டால் யாரை அழைக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போங்கள்.

படி 3: உயரத்துக்கு உடம்பைப் பழக்குங்கள்

3000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 70 சதவீதம். 5500 மீட்டரில் பாதி. 3000 மீட்டருக்கு மேல், தூங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னொரு இரவு தங்குங்கள். பகலில் உயரே போய்வந்து தாழ்வாகத் தூங்குவது நல்லது. வானிலை சாக்கில் இந்த நாட்களைக் குறைப்பது அடிக்கடி நடக்கிறது: "நாளை மறுநாள் மழையாம், இன்றே இரண்டு முகாம் ஏறிவிடலாம்" என்று. மழையிலிருந்து தப்பி உயர நோயில் மாட்டிக்கொள்வார்கள்.

தலைவலியோடு குமட்டல், தலைசுற்றல், அசாதாரண அசதி ஏதேனும் சேர்ந்தால் அது உயர நோய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அறிகுறி போகும்வரை மேலே ஏறக் கூடாது. ஒரு நேர்கோட்டில் குதிகாலும் விரலும் தொடும்படி அடிமேல் அடி வைத்து நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளையில் நீர் கோத்திருக்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்குவது, இருமலில் நுரையோ இளஞ்சிவப்புச் சளியோ வருவது நுரையீரலில் நீர் கோத்ததன் அடையாளம். இரண்டுக்கும் உடனடி இறக்கம்தான் வைத்தியம்: குறைந்தது 1000 மீட்டர், அல்லது நிலைமை தேறும்வரை. இரவு, மழை என்று காத்திருக்காமல், ஆக்சிஜன் இருந்தால் கொடுத்துக்கொண்டே இறக்குங்கள். தடுப்புக்கு அசெட்டசோலமைடு மாத்திரை எடுப்பதென்றால் ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு, அளவையும் ஒவ்வாமையையும் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

படி 4: உடை

பெரும்பாலோர் இதில் விலையைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது வேலையை. நான்கு அடுக்குகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை.

தோலை ஒட்டிய அடுக்கு வியர்வையை வெளியே கடத்த வேண்டும். மெரினோ கம்பளி அல்லது பாலியஸ்டர். பருத்தி கூடவே கூடாது, உள்ளாடைகூட. பருத்தி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பின் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஜீன்ஸ் அணிந்து மழையில் நனைந்தவரின் தொடைகள் மரத்துப்போவது இப்படித்தான்.

இரண்டாவது, நடக்கும்போது போட்டுக்கொள்ள மெல்லிய ஃப்ளீஸ் (கம்பளிபோன்ற செயற்கைத் துணி). மூன்றாவது, நின்றால் போட்டுக்கொள்ளத் தடித்த ஜாக்கெட். உலர்ந்த குளிருக்கு இறகு நிரப்பிய டவுன் ஜாக்கெட் இலேசானது, சூடானது. ஆனால் நனைந்தால் இறகு கட்டிதட்டிப் பயனற்றுப்போகும். மழையும் குளிரும் மாறி மாறி வரும் மலைக்குச் செயற்கைப் பஞ்சு நிரப்பியதையே எடுங்கள். எடை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

நான்காவது, மழையும் காற்றும் புகாத மேலாடையும் பேன்ட்டும். தையல்கள் உள்ளே பட்டை ஒட்டி அடைக்கப்பட்டிருக்க வேண்டும். தலைமூடி தலையோடு சேர்ந்து திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் பக்கவாட்டில் பார்க்கும்போது மூடியின் உட்புறம்தான் தெரியும். தடித்த ஜாக்கெட்டுக்கு மேல் போட்டுப் பார்த்து அளவை முடிவு செய்யுங்கள். போன்சோ (தலைவழியே மாட்டும் தளர்வான மழைப் போர்வை) காட்டுப் பாதைக்குச் சரி. முகட்டுக் காற்றில் அது பாய்மரம்போல் விரிந்து உங்களைத் தள்ளிவிடும்.

கையுறை மூன்று ஜோடி: மெல்லியது, கம்பளி அல்லது ஃப்ளீஸ், அதன்மேல் மழை புகாத உறை. நடையின்போது ஒரு ஜோடி நிச்சயம் நனையும், ஒன்று காற்றில் பறக்கும். விரல் மரத்துப்போனால் ஜிப்பைக்கூட இழுக்க முடியாது. அதன்பின் உங்களிடம் உள்ள எந்தப் பொருளும் உதவாது. ஜிப்புகளில் சிறு கயிற்றுத் துண்டு கட்டிவைத்தால் தடித்த கையுறையோடும் இழுக்கலாம். காலுறையில் ஒரு ஜோடி தூங்குவதற்கு மட்டும்; என்ன ஆனாலும் அதை அணிந்து நடக்காதீர்கள்.

அணியும் நேரம் அணியும் பொருளைவிட முக்கியம். கிளம்பும்போது கொஞ்சம் குளிராகவே இருக்கட்டும். பத்து நிமிடத்தில் சரியாகும். வியர்வை தெரியும் முன் ஓர் அடுக்கைக் கழற்றுங்கள். மேலாடையை முகட்டில் ஏறுவதற்கு முன், காற்று மறைவான கடைசி இடத்தில் போடுங்கள். முகட்டில் ஏறியபின் போட முயன்றால், பையைத் திறந்து, ஜாக்கெட்டை விரித்து, கையை நுழைப்பதற்குள் உள்ளே நனைந்துவிடும். சில சமயம் ஜாக்கெட்டே பறந்துவிடும்.

படி 5: பை

பைக்கு மேல் மாட்டும் மழையுறையை நம்பாதீர்கள், காற்று கழற்றிவிடும். பைக்குள் ஒரு தடித்த பிளாஸ்டிக் பையை விரித்து அதற்குள் எல்லாவற்றையும் வைத்து வாயை முறுக்கி மூடுங்கள். மழை மேலாடையும் தடித்த ஜாக்கெட்டும் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கட்டும். ஒரு நாள் பயணமானாலும் கீழ்க்கண்டவை ஆளுக்கு ஒன்று இருக்க வேண்டும்:

- ஹெட்லேம்ப், மாற்று பேட்டரி (குளிரில் அல்கலைனைவிட லித்தியம் பேட்டரி நன்றாக உழைக்கும்)
- விசில், உடம்போடு கட்டியது
- உள்ளே புகுந்து படுக்கக்கூடிய அவசரகாலப் பை. வெறும் மெல்லிய பளபளப்புத் தாள் காற்றில் கிழிந்துவிடும்
- அடியில் போட ஒரு ஃபோம் துண்டு
- கணக்கிட்டதற்கு மேல் 1000 கலோரி உணவு

குழுவுக்குப் பொதுவாக: முதலுதவிப் பெட்டி, அச்சிட்ட வரைபடமும் திசைகாட்டியும், சிறு அடுப்பு, எல்லோரும் ஒன்றாக உள்ளே உட்காரக்கூடிய இலேசான கூடாரத்துணி. இந்தத் துணி அரைக் கிலோவுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். மழைக்காற்றில் அதைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டு நாலு பேர் உள்ளே உட்கார்ந்தால் சில நிமிடங்களில் கதகதப்பு வந்துவிடும். பலர் வாங்காமல் விடும் பொருள் இது. நாங்கள் முதலில் எடுத்துவைக்கும் பொருளும் இதுவே.

படி 6: நடை, தீனி, தண்ணீர்

பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தைத் தாண்டாதீர்கள். வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம், வியர்வையும் அதிகம். ஓய்வைப் பத்து நிமிடத்துக்குள் முடியுங்கள். நின்ற உடனே தடித்த ஜாக்கெட்டைப் போடுங்கள்.

பசிக்காவிட்டாலும் மணிக்கு 200 முதல் 250 கலோரி சாப்பிடுங்கள். உயரம் பசியைக் கொல்லும், ஆனால் உடம்பு நடுங்கிச் சூடாக்கிக்கொள்ள எரிபொருள் வேண்டும். கொண்டுபோகும் தீனியை வீட்டில் ஒரு இரவு ஃப்ரீசரில் வைத்துக் கடித்துப் பாருங்கள். கல்லாகிவிடுகிற பண்டத்தை விட்டுவிடுங்கள். ஜாக்கெட் பையில் கையுறையோடு எடுக்கும்படி வையுங்கள். மழையில் யாரும் முதுகுப்பையைத் திறந்து சாப்பிட மாட்டார்கள்.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டர் அளவுக்கு. உறைபனியில் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள்; பனிக்கட்டி மேற்பரப்பில் முதலில் உருவாகும் என்பதால் மூடி அடைபடாது. குழாய் வைத்த தண்ணீர்ப் பை என்றால் குடித்ததும் குழாய்க்குள் ஊதி நீரை உள்ளே தள்ளிவிடுங்கள்.

வெயில் கண்ணாடியை மேகமூட்டத்திலும் கழற்றாதீர்கள். புற ஊதாக் கதிர் 1000 மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம் கூடுகிறது; புதுப் பனி அதில் 80 சதவீதம்வரை திருப்பி அடிக்கும். பனிக்குருடு (இந்தக் கதிரால் கண் வெந்துபோவது) பல மணி நேரம் கழித்துத்தான் வலிக்கத் தொடங்கும், பெரும்பாலும் இரவில்.

படி 7: வானத்தைப் படித்துக்கொண்டே ஏறுங்கள்

முடிவெடுக்கும் ஒவ்வோர் இடத்திலும் காற்று வரும் திசையைப் பார்த்து நில்லுங்கள். வரப்போகிற வானிலை பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும்.

அதிகாலையிலேயே சிறு கோபுரங்களை வரிசையாக நட்டதுபோல் மேகம் தெரிந்தால் மேல்வானம் நிலைகுலைந்திருக்கிறது. அன்று இடி சீக்கிரம் வரும். பத்து மணிக்கு முன்பே பஞ்சுமேகம் அகலத்தைவிட உயரமாக வளர்ந்தாலும் அதே பொருள். மேகத்தின் உச்சி காலிஃபிளவர் மாதிரி கூர்மையாக இருக்கும்வரை வளர்கிறது. உச்சி பட்டறைக்கல்போல் தட்டையாகப் பரவிவிட்டால் அது முழு இடிமேகம். சிகரத்தின் மேலோ காற்று இறங்கும் பக்கத்திலோ வழுவழுப்பான தட்டுப்போல அசையாமல் நிற்கும் மேகம் அழகாக இருக்கும், ஆனால் அங்கே மேலே பலத்த காற்று ஓடிக்கொண்டிருக்கிறது. இழைமேகம் மெல்லத் தடித்துச் சூரியனையோ நிலவையோ சுற்றி வளையம் கட்டினால், அடுத்த ஒரு நாளுக்குள் நீண்ட மழையோ பனியோ வர வாய்ப்பு அதிகம்.

காற்றழுத்த உயரமானி உள்ள கடிகாரம் இருந்தால், முகாமில் இரவு படுக்கும்போது அதில் காட்டும் உயரத்தைக் குறித்துவையுங்கள். நீங்கள் நகராமலே காலையில் உயரம் கூடியிருந்தால் அழுத்தம் குறைந்திருக்கிறது. 3000 மீட்டர் பக்கத்தில் 11 மீட்டருக்கு ஒரு ஹெக்டோபாஸ்கல் என்று கணக்கு. 15 மீட்டர் வித்தியாசம் அன்றாட ஏற்ற இறக்கம், பொருட்படுத்த வேண்டாம். 40 மீட்டர் என்றால் முகாமிலேயே இருங்கள்.

படி 8: இடி மின்னல்

மின்னலைப் பார்த்ததும் நொடிகளை எண்ணுங்கள். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 நொடிக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அடுத்தது உங்கள் மேலேயே விழலாம். உச்சியிலிருந்தும் முகட்டிலிருந்தும் உடனே இறங்குங்கள். கடைசி இடிக்குப்பின் 30 நிமிடம் கழியும்வரை திரும்ப ஏறக் கூடாது. தலைமுடி சிலிர்ப்பது, நடைக்கம்பு ரீங்காரமிடுவது இரண்டும் மின்னல் எந்த நொடியிலும் விழலாம் என்பதற்கான எச்சரிக்கை.

2019 ஆகஸ்ட் 22 அன்று போலந்தின் கியேவொன்ட் சிகரத்தில் மின்னல் விழுந்து 4 பேர் இறந்தார்கள், நூற்றுக்கு மேற்பட்டோர் காயமடைந்தார்கள். ஏறுவதற்காகப் பாறையில் பொருத்தியிருந்த இரும்புச் சங்கிலிகள் வழியே மின்சாரம் பாய்ந்தது. சங்கிலி, இரும்பு ஏணி, கம்பி உள்ள பாதையில் இடி கேட்கும் வரை காத்திருக்காதீர்கள்; மேகம் வளரும்போதே விலகுங்கள்.

மலையில் மின்னலால் அடிபடுபவர்களில் நேரடியாக அடிபடுபவர் குறைவு. நிலத்தில் பரவும் மின்சாரம் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்குவதே அதிகம். இறங்க வழியே இல்லாவிட்டால் கால்களைச் சேர்த்துவைத்து, பையின் மேலோ ஃபோம் மேலோ குந்தி உட்காருங்கள். படுக்காதீர்கள். தனி மரம், குகை வாய், பாறை இடுக்கு, பாறைச் சுவரின் அடி ஆகியவற்றை விட்டு விலகுங்கள். ஒருவருக்கொருவர் 20 மீட்டர் தள்ளி இருந்தால், ஒருவர் விழுந்தாலும் மற்றவர் முதலுதவி செய்யலாம். மின்னல் தாக்கியவரைத் தொடுவதில் ஆபத்தில்லை. மூச்சு நின்றிருந்தால் உடனே நெஞ்சழுத்தமும் செயற்கைச் சுவாசமும் தொடங்குங்கள்.

படி 9: மூடுபனியில் வழி தவறாமல்

மேகம் இறங்குவதைப் பார்த்ததும், இன்னும் கண் தெரியும்போதே, நீங்கள் நிற்கும் இடத்தை வரைபடத்தில் உறுதிப்படுத்துங்கள். வெள்ளையில் மூழ்கியபின் தேடுவது பத்து மடங்கு கடினம்.

செல்போனில் வரைபடத்தையும் பாதைத் தடத்தையும் முன்பே இறக்கிவைத்து, ஏரோபிளேன் மோடில், உடம்பை ஒட்டிய பையில் வையுங்கள். குளிரில் 40 சதவீதம் காட்டும் பேட்டரிகூடச் சட்டென்று அணைந்துவிடும். திசைகாட்டியை செல்போன், நடைக்கம்பு, காந்தப் பொத்தான் வைத்த உறை இவற்றிலிருந்து தள்ளிப் பிடியுங்கள். திசை 5 டிகிரி பிசகினால் ஒரு கிலோமீட்டரில் 87 மீட்டர் விலகிப் போவீர்கள். குறுகிய முகட்டில் அந்த 87 மீட்டர் வெறும் ஆகாயம்.

எனவே நீண்ட நேர்கோட்டை 200, 300 மீட்டர் துண்டுகளாகப் பிரியுங்கள். சமதரையில் உங்கள் 100 மீட்டர் எத்தனை இரட்டை அடி என்று ஊரிலேயே அளந்து வையுங்கள். பெரும்பாலோருக்கு 60 முதல் 70. ஏற்றத்திலும் பனியிலும் இது கூடும். ஓடையோரம் உள்ள முகாமைத் தேடினால் முகாமுக்கு நேராகக் குறிவைக்காமல் வேண்டுமென்றே ஒரு பக்கமாக விலகிக் குறிவையுங்கள். ஓடையை அடைந்ததும் எந்தப் பக்கம் திரும்புவது என்ற சந்தேகம் இருக்காது. பனி மூடிய முகட்டில் காற்று இறங்கும் பக்கம் பனி வெறுவெளியில் கூரையாக நீண்டிருக்கும். விளிம்பென்று தெரியும் இடத்திலிருந்து பல மீட்டர் உள்ளே தள்ளி நடங்கள்.

குழு பிரியக் கூடாது. வேகமானவர் முன்னே போய்க் காத்திருப்பது தெளிந்த நாளுக்கு மட்டும்.

படி 10: புதுப்பனியும் ஓடையும்

எதிர்பாராமல் பனி பெய்தால் சரிவின் கோணத்தைக் கவனியுங்கள். பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை 30 முதல் 45 டிகிரிச் சரிவில் நடக்கின்றன. புதுப்பனி விழுந்தோ, காற்று பனியை அள்ளிக் குவித்தோ 24 மணி நேரம் ஆகாத சரிவைக் கடக்காதீர்கள், அதன் அடியிலும் நடக்காதீர்கள். காலடியில் "உம்ப்" என்று அமுங்கும் சத்தமோ விரிசல் ஓடுவதோ தெரிந்தால் வந்த தடத்திலேயே திரும்புங்கள். காலணியில் மாட்டும் சிறு முள்சங்கிலி தட்டையான பனிப்பாதைக்கு உதவும்; செங்குத்தான இறுகிய பனியில் அது போலித் தைரியம் தரும்.

பனி உருகி வரும் ஓடைகள் அதிகாலையில் வடிந்து மாலையில் பெருகும். மழை ஓடைகள் வந்த வேகத்தில் வடியும், காத்திருந்தால் போதும். முழங்காலுக்கு மேல் வேகமாக ஓடும் நீரில் இறங்காதீர்கள். கடக்கும்போது பையின் இடுப்புப் பட்டையையும் நெஞ்சுப் பட்டையையும் அவிழ்த்துவிட்டு, நீர் வரும் திசையைப் பார்த்தபடி, கம்பை ஊன்றி ஒவ்வோர் அடியாக நகருங்கள். காலணியைக் கழற்ற வேண்டாம்.

படி 11: குளிர் உள்ளே இறங்குவதைக் கண்டுபிடிப்பது

உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் அது ஆபத்து நிலை. அதில் இருப்பவருக்கு அது தெரியாது. பக்கத்தில் நடப்பவர்தான் பார்க்க வேண்டும். தடுமாறுகிறாரா, வார்த்தை குழறுகிறதா, கையில் பிடித்ததை நழுவவிடுகிறாரா, காரணமில்லாமல் எரிந்து விழுகிறாரா? இரண்டு இருந்தாலே நிறுத்துங்கள். "எனக்கு ஒன்றுமில்லை" என்ற பதிலை ஏற்காதீர்கள்.

முதலில் காற்றிலிருந்து மறையுங்கள்: கூடாரத்துணிக்குள். அடியில் ஃபோமும் பைகளும் போட்டு உட்காரவையுங்கள். தரை இழுக்கும் சூடு அதிகம். மறைவுக்குள் வந்தபின் நனைந்ததை மாற்றுங்கள். மாற்று உடை இல்லாவிட்டால் நனைந்ததோடு பிளாஸ்டிக் பையால் சுற்றி, அதன்மேல் சூடான அடுக்குகளைச் சுற்றுங்கள். விழுங்க முடிந்தால் சர்க்கரை நிறைந்த சூடான பானம், உணவு. வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி அக்குளிலும் மார்பிலும் வையுங்கள். கைகால்களைத் தேய்க்க வேண்டாம், மது வேண்டாம். நன்றாக நடுங்கிக்கொண்டு தெளிவாகப் பேசுபவர் அரை மணி நேரம் சூடேறியபின் மெல்ல நடக்கலாம்.

நடுக்கம் நின்றும் மயக்கமாக இருந்தால் நிலைமை முற்றிவிட்டது. அவரை நடக்கவிடாதீர்கள், படுக்கவைத்து மெதுவாகக் கையாளுங்கள். உலுக்கினால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். அந்த நிலையில் சிலர் உடையைக் கழற்றி எறிவார்கள். அது குளிரின் வேலை. போர்த்திவிடுங்கள்.

வெளுத்து மெழுகுபோல மரத்த விரலைத் தேய்க்கக் கூடாது. மறுபடி உறைய வாய்ப்பிருந்தால் சூடாக்கவும் கூடாது. பத்திரமான இடத்துக்கு வந்தபின் 37 முதல் 39 டிகிரி வெந்நீரில் மட்டும்.

படி 12: மாட்டிக்கொண்டால்

இருட்டுகிறது, வழி தெரியவில்லை என்றால் வெளிச்சம் இருக்கும்போதே நிறுத்தி இடம் தேடுங்கள். முகட்டுக்குச் சற்றுக் கீழே, காற்று மறைவில், ஓடைப்படுகையும் கல் உருளும் சரிவும் இல்லாத இடம். உள்ள எல்லா உடையையும் நனையும் முன்பே போட்டு, கயிறு, பை, எதன்மேலாவது உட்கார்ந்து, அவசரப் பைக்குள் புகுங்கள். ஒரு சிறு காற்றுவழி விடுங்கள். மூடிய இடத்தில் அடுப்பெரித்தால் கார்பன் மோனாக்சைடு கொல்லும். வாசலைத் திறந்துவைத்து, கொதித்ததும் அணைத்துவிடுங்கள்.

உதவி கேட்கும் சர்வதேசக் குறி: ஒரு நிமிடத்தில் 6 முறை விசில் அல்லது விளக்கு, ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி 6. நிமிடத்துக்கு 3 முறை பதில் வந்தால் கேட்டுவிட்டார்கள். ஆனாலும் ஆள் வரும்வரை நிறுத்தாதீர்கள். ஹெலிகாப்டருக்கு இரு கைகளையும் வானத்தை நோக்கி ஆங்கில V எழுத்தைப் போல உயர்த்தினால் "ஆம், உதவி வேண்டும்". அழைப்பு போகாத இடத்தில் குறுஞ்செய்தி போகலாம். அதில் அட்சரேகை, தீர்க்கரேகை, எத்தனை பேர், என்ன காயம், அங்கே காற்றும் மேகமும் எப்படி என்று எழுதுங்கள். செயற்கைக்கோள் கருவிகள் நல்ல துணை, ஆனால் சில நாடுகளில் உரிமம் இல்லாமல் அவற்றை வைத்திருப்பதே குற்றம், போகுமுன் விசாரியுங்கள்.

படி 13: இறக்கம்

உச்சியில் பதினைந்து நிமிடம் போதும். அங்கேயே ஒரு அடுக்கு போட்டு, சாப்பிட்டு, காலணிக் கயிற்றைக் கணுக்கால் பகுதியில் இறுக்கிக் கட்டுங்கள். விரல் முன்னே முட்டினால் நகம் கறுத்து, நடை மாறி, முழங்கால் வலி தொடங்கும். நடைக்கம்பை 5 முதல் 10 சென்டிமீட்டர் நீட்டுங்கள். ஹெட்லேம்ப்பை இப்போதே ஜாக்கெட் பைக்கு மாற்றுங்கள்.

கால் இடறுவது இறங்கும்போதுதான் அதிகம். ஈரப் பாறையில் கறுப்பாகவோ பச்சையாகவோ படர்ந்த பாசியில் கால் வைக்காதீர்கள். சிறு அடிகளாக, முழங்காலைச் சற்று மடக்கி, எடை முன்காலில் இருக்கும்படி இறங்குங்கள். மழை மேலாடையை மரங்கள் தொடங்கும் இடம்வரை கழற்ற வேண்டாம். ஏறும்போது எழுதிய முடிவிடங்களில் இப்போதும் நின்று ஆட்களை எண்ணுங்கள், நேரத்தைப் பாருங்கள். கீழே வந்ததும், குளிப்பதற்கும் படுப்பதற்கும் முன்பு, தாளின் நகல் வைத்திருப்பவரிடம் வந்துசேர்ந்ததைச் சொல்லுங்கள். நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போது மீட்புக் குழு மழையில் உங்களைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.